சாலாமேட்டுக்குப் போன வால்வு பெட்டி

திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் லூர்துமேரி பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். போர் மோட்டார், மிக்சி, கிரைண்டர் என்று எது எரிந்து வந்தாலும் கருகிய கம்பியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பாள். வயது நாற்பத்து நாலு. கணவன் அலெக்ஸ் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் குயிலாப்பாளையத்திலிருந்து ஒருத்தர் கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆரோவில்லில் வேலை செய்கிறவர். அது பாட்டுக் கேட்கும் பழைய காலத்து வால்வு ஆம்பிளிபையரில் இருந்து எடுத்தது. "இதெல்லாம் நமக்கு வேணாம், பேஜாரு புடிச்ச வேல" என்று பட்டறை முதலாளி வெங்கடாசலம் தள்ளிவிட்டார். லூர்துமேரிதான் வாங்கி வைத்துக்கொண்டாள். முடியை விட மெல்லிய கம்பி. ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பிரித்து, எழுதி வைத்துக்கொண்டு, அதேபோலத் திரும்பச் சுற்றினாள். அவர் பெட்டியையே பட்டறைக்குத் தூக்கிவந்து மாட்டிப் பார்த்தார். கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. அரை நிமிஷம் கழித்து ஒரு பெண்ணின் பாட்டு வந்தது.

"பாடறவங்க மூச்சு வாங்கறது கேக்குதுங்க," என்றாள் லூர்துமேரி. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

அதன்பிறகு வீட்டில் அவளே செய்ய ஆரம்பித்தாள். வால்வுகளை ஆன்லைனில் வாங்கினாள், டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றினாள், தகரப்பெட்டியைத் தானே வெட்டி மடித்தாள். முதல் பெட்டி குளவிக்கூடு மாதிரி இரைந்தது. ஒயரை இந்தப்பக்கம் நகர்த்தினால் கொஞ்சம் குறையும், டிரான்ஸ்ஃபார்மரைக் குறுக்கே திருப்பி வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். இப்படியே மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த இரைச்சலைப் போக்கினாள். கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். திண்டிவனத்திலேயே ஒன்று போனது, மேல்மலையனூருக்கு ஒன்று போனது, குயிலாப்பாளையத்துக்கு இரண்டு போயின.

ஆனால் வால்வு பெட்டியைக் கண்டு அவளுக்கு எப்போதும் பயம் உண்டு. முதல் வருஷத்தில் ஒருநாள், பிளக்கைப் பிடுங்கி வைத்த பெட்டிதானே என்று உள்ளே கைவிட்டாள். கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டென்சரில் முந்நூறு வோல்ட் தங்கியிருந்தது. சுவரோரம் போய் விழுந்தாள். வலது கை மறுநாள் வரை அவள் கையாகவே இல்லை. அதிலிருந்து, திறந்த பெட்டியில் வேலை செய்யும்போது, இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும் என்று இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். பிளக்கைப் பிடுங்கினாலும் ஐந்து நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். அலெக்ஸ் கேலி செய்வான். அவள் சிரிக்க மாட்டாள்.

போன ஐப்பசியில் விழுப்புரம் சாலாமேட்டிலிருந்து சீனுவாசன் என்று ஒருவர் கேட்டு வந்தார். அரசாங்க ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாது. தவில் என்றால் உயிர். மேல்மலையனூர் வீட்டில் அவள் செய்த பெட்டியைக் கேட்டிருக்கிறார்.

"மரப்பொட்டி வேணாம்மா. இரும்புலயே செஞ்சிடுங்க. கை வச்சிப் பாத்தாதான் எனக்கு அது பொட்டி," என்றார்.

அவருக்காக அவள் நிறையவே யோசித்தாள். சுடும் வால்வுகளில் விரல் பட்டுவிடுமே என்று மேலே வலைக்கூண்டு போட்டாள். குமிழ்களுக்குப் பக்கத்தில் தடவினால் தெரியும்படி புள்ளிகள் குத்தினாள். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வார்னிஷில் முக்கியபோது அடைமழை. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரை வைத்துப் பார்த்தால் முள் வழக்கமான இடத்துக்கு வரவில்லை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகு ஏறியது. முழுக்க ஏறியது என்று சொல்ல முடியாது. 'எதாவது ஆச்சின்னாலும் எர்த்து இருக்குது, இழுத்துக்கும்' என்று விட்டுவிட்டாள்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் சாயங்காலம் பெட்டியில் லேசான இரைச்சல். எர்த்து வழியாக வருகிறதா என்று பார்க்க, பெட்டியின் இரும்போடு எர்த்து ஒயரைச் சேர்க்கும் திருகை மட்டும் கழற்றினாள். இரைச்சல் நின்றது. சரி, காரணம் தெரிந்துவிட்டது, உள்ளே ஒயரை மாற்றிப் போட்டுவிட்டு எர்த்தைத் திரும்ப முடுக்கலாம் என்று நினைத்தாள். ஒயரை மாற்றினாள். அதற்குள் கரண்ட் போனது. காலையில் அலெக்ஸ் வண்டியோடு வாசலில் நின்று ஹாரன் அடித்தான். திருவெண்ணெய்நல்லூரில் நெல் மூட்டை ஏற்றப் போகிறவன், வழியில் சாலாமேட்டில் இறக்கிவிட வேண்டும். "ஜல்தி குடுமா, அங்க லேட்டாவுது." அவள் அடித்தகட்டை மூடித் திருகி, போர்வையில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை. பத்தரை மணிக்குப் பட்டறைக்குக் கிளம்பும் முன் மேசையைத் துடைத்தாள். திருகாணி போட்டு வைக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு நட்டும் பல்வாஷரும் கிடந்தன. அந்தப் பெட்டியில் பல்வாஷர் போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், எர்த்துத் திருகு.

முழுக்கக் காயாத டிரான்ஸ்ஃபார்மர். கசியும் கரண்டை இழுத்துக்கொள்ள எர்த்து இல்லாத இரும்புப்பெட்டி. அதைக் கையால் தடவித் தடவிப் பார்க்கும் மனிதர்.

சீனுவாசனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. அலெக்ஸுக்கு அடித்தாள். அவன் எடுத்தான்.

"குட்த்துட்டியா?"

"நானே மாட்டிக் குட்த்து, பாட்டு வச்சிட்டுதான் வந்தேன். அந்த சாருக்கு ஒரே சந்தோஷம். இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்கற?"

"எர்த்து போடாம வுட்டுட்டேன். நீ திரும்பிப் போய் பிளக்கப் புடுங்கு. ஓடு."

"நான் திருவெண்ணெய்நல்லூரு வந்துட்டேன்மா. குடோனுக்குள்ள வுட்டுட்டேன், பின்னாடி டிராக்டரு நிக்குது. வண்டி வெளிய வராது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். கைப்பையில் டெஸ்டர், ஸ்பேனர், மீட்டர், அந்த நட்டு. பஸ் ஸ்டாண்டில் நின்ற விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். "சார், நான் லூர்துமேரி. பொட்டியத் தொடாதீங்க. சுவிச்சையும் தொடாதீங்க. கூட யார்னா இருந்தா பிளக்கப் புடுங்கச் சொல்லுங்க." இரண்டு டிக் விழுந்தது. நிறம் மாறவில்லை.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று ஆள் ஏற்றியது. போன் எடுக்காததற்கு அவள் மனசு காரணங்களைத் தேடியது. பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. குளிக்கப் போயிருப்பார். குளித்துவிட்டு ஈரக்கையோடு வந்து... அங்கே நினைப்பை நிறுத்தினாள். அவர் மனைவி அம்சா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்று தெரியும், நம்பர் தெரியாது. வீட்டில் சனிக்கிழமை அவர் தனியாகத்தான் இருப்பார். சாலாமேட்டில் இவளுக்கு வேறு யாரையும் தெரியாது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. பஸ் நகரவில்லை. அவள் ஜெபமாலையை எடுத்தாள். கரண்ட் போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். சாலாமேடு முழுக்கப் போகட்டும், விழுப்புரமே இருட்டாகட்டும். பக்கத்து சீட்டு அம்மாள், "உடம்பு சரியில்லியாம்மா? தண்ணி குடி," என்று பாட்டிலை நீட்டினாள். லூர்துமேரி அதை வாங்காமல் மறுபடி போன் அடித்தாள்.

பதினோராவது தடவையும் அவர் எடுக்கவில்லை.

விழுப்புரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். தெருமுனையிலேயே தவில் கேட்டது. அவள் செய்த பெட்டிதான், சந்தேகமில்லை. அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதல் தரவில்லை. ஆள் இல்லாவிட்டாலும் பெட்டி பாடும்.

கேட்டைத் திறந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. சீனுவாசன் வெறுங்காலோடு, இப்போதுதான் துடைத்து ஈரம் காயாத தரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. வலது உள்ளங்கை பெட்டியின் மேல் இருந்தது. அசையவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். திடுக்கிட்டு இன்னொரு கையால் எதையாவது பிடித்துவிட்டால்? ஓடிப்போய் இழுத்தால் தனக்கும் அடிக்கும். வாசல் சுவரில் மீட்டர் போர்டு இருந்தது. மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

ஃபேன் நின்றது. பாட்டு உடனே நிற்கவில்லை. வால்வு பெட்டி அப்படித்தான், உள்ளே தங்கிய கரண்டில் இன்னும் கொஞ்சம் ஓடும். தவில் சன்னமாகி, குழறி, ஓய்ந்தது. அந்த நாலைந்து நொடியில் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் அசைகிறதா? அசையவில்லை. அசையவில்லை.

"கரண்ட் போச்சா?" என்றார் சீனுவாசன், தலையைத் தூக்கி.

"சார், கைய எடுங்க சார்!"

"யாரு, மேரிம்மாவா? எப்ப வந்தீங்க?" கையை எடுத்தார். "நல்லா தாளத்துல ஊறிப்போய் ஒக்காந்துகினு இருந்தேன், போன் அடிச்சாக்கூட கேக்காது. இன்னா பொட்டி செஞ்சிருக்கீங்கம்மா! தவிலு அதிர்றது விரல்லயே தெரியுது. சுர்ர்னு ஒரு சிலிர்ப்பு."

லூர்துமேரி அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சார், அது தவிலு இல்ல சார். கரண்டு."

அவர் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஐந்து நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பெட்டியைத் திறந்து எர்த்து ஒயரை முடுக்கினாள். அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டு, டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்தாள். டெஸ்டர் எரிந்தது. எர்த்து போட்ட பிறகும் எரிந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு மெயினை மறுபடி நிறுத்தி, சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றினாள். மூன்று ஓட்டையில் மேல் ஓட்டைக்கு ஒயரே இல்லை. சமையலறையிலும் இல்லை. அந்த வீட்டுக்கே எர்த்து கிடையாது. நட்டை ஒழுங்காக முடுக்கி அனுப்பியிருந்தாலும் இதே கதைதான்.

அதற்குள் அம்சா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது.

"கண்ணு தெரியாத மனுஷன் கையில இதக் குட்த்துட்டுப் போனீங்களே, நல்லா இருக்குதாங்க இது?"

"தப்புதாங்க. எம் மேலதாங்க தப்பு," என்றாள் லூர்துமேரி. கொஞ்சம் கழித்துத்தான் கேட்டாள். "உங்க ஃப்ரிட்ஜு அடிக்குதுங்களா?"

அம்சாவின் குரல் இறங்கியது. "ஆறு மாசமா லேசா அடிச்சிக்கினுதான் இருக்குது. செருப்பு போட்டுக்கினுதான் தொறக்கறேன். இவர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு, கணவனின் வெறுங்காலைப் பார்த்தாள்.

பெட்டியை லூர்துமேரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திண்டிவனம் கொண்டுவந்தாள். டிரான்ஸ்ஃபார்மரை வெளியே எடுத்து மெக்கர் வைத்தாள். முள் பாதிகூட ஏறவில்லை. கம்பியை வெட்டிப் பிரித்தபோது உள் அடுக்கில் வார்னிஷ் விரலில் ஒட்டியது. இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட அவளுக்குத் தைரியம் இல்லை.

அதைவிடப் பெரிய பயம் மறுநாள் சர்ச் பூசையில் இருக்கும்போது பிடித்துக்கொண்டது. வெளியே போன மற்றப் பெட்டிகள்? அவற்றில் எர்த்து முடுக்கியது நிச்சயம். ஆனால் அந்த வீடுகளில்? ஒரு வீட்டின் சுவரையாவது பார்த்தோமா? அந்த வாரம் பட்டறைக்கு லீவு போட்டாள். குயிலாப்பாளையத்தில் இரண்டு வீடும் சரி. திண்டிவனத்தில் ஒரு வீட்டில் எர்த்துக்கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. மேல்மலையனூருக்குப் போன அன்று அமாவாசை, கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. மாவிளக்குத் தட்டுகளுக்கு நடுவே டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அங்கே எர்த்தே இல்லை. அந்த வீட்டில் தவழும் பிள்ளை இருந்தது. அவர்கள் காபி கொடுத்தார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைக் கழற்றி அவர்கள் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்து, எர்த்து போடும்வரை இறக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

அம்சா எலக்ட்ரீசியனை வைத்துக் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினாள். கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் டிரிப்பர் ஒன்றும் மாட்டினாள். ஒரு மாதம் கழித்துப் புது டிரான்ஸ்ஃபார்மரோடு பெட்டி சாலாமேட்டுக்குத் திரும்பிப் போனது. இந்தமுறை லூர்துமேரியே கொண்டுபோனாள். டெஸ்டர் எரியவில்லை. அப்படியும் மனசு கேட்காமல், செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் கையைப் பெட்டியின் மேல் வைத்து முழுப் பாட்டையும் கேட்டாள். பிறகுதான் நகர்ந்தாள். சீனுவாசன் கையை வைக்கும் முன் ஒரு நொடி தயங்கினார். அந்தத் தயக்கம் முன்பு அவரிடம் இருந்ததில்லை.

இப்போதும் அவள் பெட்டி செய்கிறாள். யார் கேட்டு வந்தாலும் முதலில் அவர்கள் வீட்டுச் சுவரைப் போய்ப் பார்க்கிறாள், அதன்பிறகுதான் கம்பி வாங்குகிறாள். சீனுவாசன் பெயர் போனில் தெரிந்தால் மட்டும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எடுக்கிறாள். எடுத்ததும், "சார், கைல சுர்ர்னு ஒண்ணும் இல்லியே?" என்றுதான் கேட்கிறாள். அவர் பெரும்பாலும் ஏதாவது புதிதாகக் கிடைத்த கச்சேரியைக் கேட்கச் சொல்லி, போனை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைப்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்.