கூட்டி வைத்த கடிகாரம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அரிசி வேகும்வரை பொறுக்க மாட்டாமல் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்கிற, அதாவது எழுதி வைத்த நிரலைக் கணிப்பொறியில் ஓடுகிற வடிவத்துக்கு மாற்றுகிற வேலை வந்து சேர்ந்தது. கட்டளையைத் தட்டிவிட்டுத் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அதில் முக்கால்வாசி.

கல்யாணமான புதிதில் பரளச்சியிலிருந்து பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் பாடம் எடுத்தேன். மகள் பிறந்ததும் விட்டேன். அவள் பள்ளிக்கூட வேனில் ஏறிப் போகத் தொடங்கிய பிறகு மறுபடி வேலை தேடினால், போன இடத்திலெல்லாம் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். குழம்பு வைத்தேன் என்றா சொல்ல முடியும்? கடைசியாகப் பம்பு வடிவமைக்கிற ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தபடியே செய்யலாம் என்று சொல்லி ஒரு சோதனை வைத்தது. இதுவும் போனால் இனி யாருக்கும் விண்ணப்பம் போடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

சோதனை இதுதான். பம்புக்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணிப்பொறி கணக்குப் போட வேண்டுமானால், முதலில் பம்பின் உருவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். அதற்கு மெஷ் என்று பெயர். அதைச் செய்யும் இலவச மென்பொருள் தயார் நிலையிலேயே கிடைக்கும். ஆனால் அவர்கள் கேட்ட ஒரு வசதி அதில் மூடியிருக்கும். மூலநிரலை எடுத்து, அமைப்புக் கோப்பில் அந்த வசதியைத் திறந்துவிட்டு, நம் கணிப்பொறியிலேயே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். மெஷ் அன்றே மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

என் கணிப்பொறி, வீட்டுக்காரரின் உரக்கடையில் பில் போட்டு ஓய்ந்தது. உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி செத்துப்போனதால், கரண்டு போய் வந்தால் அதன் நேரம் ஏதோ ஒரு பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். அன்று மதியமும் கரண்டு போய் வந்தது. போன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்தது. அங்கே வைத்தால்தான் கொஞ்சமாவது நெட் கிடைக்கும். போனில் மணி பார்க்க மாடியேறப் பொறுமையில்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணிப்பொறிக்கு நேரம் வைத்தேன். அமைப்புக் கோப்பைத் திருத்தினேன். கம்பைலைத் தொடங்கினேன்.

உடனே ஒரு துணை நிரல் இல்லை என்று நின்றது. மாடிக்கு ஓடிப் போனைத் திருப்பி வைத்து, கீழே ஓடி வந்து பார்த்து, மறுபடி ஓடி, ஒருவழியாக நெட் வந்து அது இறங்கியது. அதற்கப்புறம்தான் கூத்து. கணிப்பொறி அமைப்பைச் சரிபார்த்தது. முடித்தது. அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறது என்று சொல்லி மறுபடி சரிபார்த்தது. முடித்தது. மறுபடியும் மாறியிருக்கிறதாம். மாற்ற இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? நிறுத்தினேன், உருவானதை எல்லாம் அழித்தேன், முதலிலிருந்து ஓட்டினேன். அதே பாட்டு. எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், வந்து பார்த்தேன். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் ஓடுகிற மென்பொருள் எனக்கு மட்டும் ஓடவில்லை என்றால், மறந்துபோனது நான்தான் என்று தோன்றியது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எச்சரிக்கை வரி ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். இப்போது படித்தேன். இந்தக் கோப்பு வருங்காலத்தில் திருத்தப்பட்டிருக்கிறது என்றது அது. திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் வித்தியாசம். நெட் வந்ததும் கணிப்பொறி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறது. நான் திருத்திய கோப்பு மட்டும் சுவர்க் கடிகாரத்தின் நேரத்தில், இன்னும் வராத ஒரு நிமிடத்தில் நின்றது. எதைச் செய்து முடித்தாலும் அந்தக் கோப்பு அதைவிடப் புதிதாகவே தெரிவதால், மாறிவிட்டது என்று எண்ணிக் கணிப்பொறி திரும்பத் திரும்பத் தொடங்குகிறது.

போன மாதம்தான் என் மாமியார் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றினார். மணி என்ன என்று அவர் கேட்க, போனைப் பார்த்து நானே சொன்னேன். பிறகு எப்படி இருபது நிமிடம் கூடும்? கோபம் தலைக்கேறியது. கணிப்பொறியைச் சுற்ற விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனேன். அத்தை முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கடிகாரத்துல நேரத்தைக் கூட்டி வச்சீங்களா?"

"ஆமா. எப்பவும் அப்படித்தான வைக்கிறது."

"எதுக்கு?"

அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "நீ காலேசுக்குப் போகைல பஸ்ஸு பஸ்ஸுன்னு தலையைக்கூட முடியாம ஓடுவ. அதுக்குத்தான் கூட்டி வச்சேன். நாளப்பின்ன திரும்பப் போகணும்ல. குறைச்சு வச்சுட்டா மறுபடி ஓடுவ."

நான் கல்லூரிக்குப் போன நாளில் கடிகாரம் முந்தி ஓடும் என்பது எனக்கும் தெரியும். வேலையை விட்ட பிறகு மணி பார்ப்பதையே விட்டுவிட்டேன். வேன் ஹாரன் அடித்தால் காலை, மறுபடி அடித்தால் சாயங்காலம். வேலையோடு அந்த இருபது நிமிடமும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வீட்டில் என் படிப்பை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று எத்தனை முறை பொருமியிருக்கிறேன். ஒரு ஆள் ஒவ்வொரு பேட்டரிக்கும் மறக்காமல் கூட்டி வைத்திருக்கிறார். திட்டத்தான் வந்தேன். அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மல்லியில் கல் பொறுக்கினேன்.

உள்ளே போனபோது திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. உண்மையான நேரம் அந்தக் கோப்பின் நேரத்தைத் தாண்டியதும் சுற்று தானாகவே விட்டுப்போயிருக்கிறது. நான் கை வைக்காமல் இருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் அமைதி வரவில்லை. கரண்டு போகக் கூடாதே என்று மின்விசிறியைப் பார்ப்பதும் சதவீதத்தைப் பார்ப்பதுமாக நாற்காலி நுனியிலேயே இருந்தேன்.

கம்பைல் முடிந்தது. மென்பொருள் திறந்தது. பம்பின் உருவத்தைக் கொடுத்தேன். முதல் தடவை முக்கோணங்கள் கோணலாக விழுந்தன. அளவைக் குறைத்து மறுபடி ஓட்டினேன். எட்டிப் பார்த்த அத்தை, கோடையில நம்ம காட்டு மண்ணு வெடிச்ச மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினேன். நெட் இழுத்துக்கொண்டு நின்றது. மாடிக்கு ஓடலாமா, இங்கேயே இருக்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

கடைச் சாவியை மறந்துவிட்டுப் போயிருந்த வீட்டுக்காரர் அப்போது உள்ளே வந்தார். என் முகத்தையும் சுவரையும் பார்த்தார். ஐந்து தாண்டிவிட்டதே, இனி அவர்கள் வாங்குவார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"அந்தக் கடிகாரத்தைப் பாக்காதடா. அவளுக்கு இன்னும் நேரம் கெடக்கு."