அவசரமாக மறுத்த கதவு

அலுவலகத்தில் அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர். மென்பொருளைச் சோதிப்பது வேலை. எழுதியவர்கள் "முடிஞ்சிருச்சு" என்று கை உதறிய பிறகுதான் இவள் ஆரம்பிப்பாள். அக்காவின் கணவரும் அங்கேயே புரோகிராம் எழுதினார். அவருக்குக் கூடுதல் குடைச்சல்.

அன்று அவர் எழுதிய நுழைவுப் பகுதி அவள் கைக்கு வந்தது. அவர் வைத்திருந்த கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் தப்பென்றது. குறையே இல்லை. சும்மா இருக்க முடியாமல், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தையும் முதலில் வைத்து, கணினியை ஆயிரக்கணக்கான முறை தட்ட வைத்தாள். எல்லாம் ஒரே நேரம். 'பி'யில் தொடங்கினால் மட்டும் ஒரு இம்மி தாமதம்.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடினாள்.

"அத்தான், முதல் எழுத்து தப்புன்னா உங்க புரோகிராம் அதோட நிறுத்திடுது. சரின்னா ரெண்டாவதையும் பாக்குது, அதான் லேட். இப்படியே ஒவ்வொரு எழுத்தா கறந்துடலாம்."

"கண்ணு சிமிட்டுற நேரங்கூட இல்ல. அதை வச்சு என்ன கிழிப்ப?"

"கிழிச்சுக் காட்டவா?"

பெரிய திரையில் போட்டாள். கூட்டம் கூடிவிட்டது. பி. ஓ. இன்னொரு ஓ. எழுத்துக்கு எழுத்து விசில். 'எஸ்' விழுந்ததும் அத்தானுக்கு முகம் வெளிறியது.

"போதும்மா தாயே, நம்புறேன்!" என்று ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தார். மேலாளரே அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஏ. என். ஐ.

பூசணி.

"அக்காவையா இப்படிக் கூப்பிடுறீங்க அத்தான்?"

அவர் காது சிவக்கத் தலையாட்டினார். சிரித்த சிரிப்பில் மேலாளரின் கண்ணாடி கழன்று மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் அத்தான் திருத்திவிட்டார். முதல் எழுத்தே தப்பானாலும் கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டுத்தான் இனி பதில். கடவுச்சொல்லையும் மாற்றினார். அவள் மறுபடி அளந்தாள். எந்த எழுத்துக்கும் தனிச் சலுகை இல்லை. அத்தானின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, படியிறங்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்றாள் அக்கா.

"காவலாளி வரைக்கும்."

"நான் அவரை ஒட்டடைக்குச்சின்னுதான் கூப்பிடுவேன். அதையும் திரையில போட்டுடு" என்றாள் அக்கா.

குடைச்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.