மர அச்சுக்காரி

முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பிரிண்டிங் யூனிட்டில் பதினொரு வருஷமாக என் கைதான் கை. பனியன் துணியில் ஸ்கிரீனை வைத்து, ஒரே இழுப்பில் படத்தை இறக்கிவிடுவேன். புது டிசைன் எது வந்தாலும் முதல் சாம்பிளை என்னைத்தான் போடச் சொல்வார் முதலாளியம்மா. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவளுக்கு அது பெரிய மரியாதை.

போன வருஷம் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர், குழந்தைகள் சட்டையில் மர அச்சால் கையில் குத்திய பூ வேண்டும் என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. துணி வெட்டும் கட்டிங் பிரிவில் இருந்த ராஜஸ்தான்காரர், தன் மனைவிக்குத் தெரியும் என்றார். மறுநாளே அவள் ஒரு துணிமூட்டையில் ஏழெட்டு அச்சுகளோடு வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும்; இங்கே வந்து தமிழும் பழகியிருந்தாள். முதலாளியம்மா ஒவ்வொரு அச்சாக எடுத்து, அதில் செதுக்கியிருந்த பூவை விரலால் தடவிப் பார்த்தார். என் ஸ்கிரீனை அவர் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

அவள் மேசையில் கம்பளி விரித்து, அதன்மேல் துணியைப் போட்டு ஓரங்களில் ஊசி குத்தினாள். அச்சைக் கலரில் ஒற்றி, துணியில் வைத்து, முஷ்டியால் ஒரு தட்டு. பூ அழகாகத்தான் விழுந்தது. ஆனால் அச்சை எடுக்கும்போது துணியும் கூடவே எழும்பி இழுபட்டது. அடுத்த பூ கோணலாகப் போய் விழுந்தது. அவள் ஊரில் பழகியதெல்லாம் இழுபடாத தறித்துணி. பனியன் துணியை மேசையோடு ஒட்ட வைக்க வேண்டும். நாங்கள் அதற்கு மேசையில் கம் என்கிற பசையைத் தடவுவோம். எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒன்பது துணித்துண்டுகளைக் கெடுத்தாள். அன்று மத்தியானச் சோறு எனக்கு ருசியாக இருந்தது.

சாயங்காலம் முதலாளியம்மாவே என்னிடம் கேட்டார். “ஏனுங்க அக்கா, நம்ம கம் தடவிப் பாத்தா என்னங்க?”

“வேண்டாம்மா. அச்சுக்குள்ள கம் ஏறி அடைச்சிக்கிடும்.”

சுத்தப் பொய். அங்கே என் பேச்சை மறுக்க ஆளில்லை.

அடுத்த நாள் டீ குடித்துவிட்டு வந்தால், அவள் கம் தடவியிருந்த என் மேசை அருகே நின்றிருந்தாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்து வைத்து எடுத்தாள். பிறகு ஒரு துண்டை அதில் விரித்து நீவிவிட்டுக் குத்தத் தொடங்கினாள். துணி அசையவில்லை. ஒரு பூ எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஸ்கிரீனை எடுத்து மறுபடி கழுவினேன்.

ஆர்டர் கிடைத்தது. அவளுக்கு ஜன்னலோரம் தனி மேசை போட்டார்கள். வெளிச்சம் வேண்டுமென்று நான் இரண்டு முறை கேட்டும் கிடைக்காத இடம்.

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் குழாயடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சொல்லிவிட்டேன்.

“கம் தடவுனா ஒட்டும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுங்க அக்கா,” என்றாள், நகத்திலிருந்த கலரைத் தேய்த்தபடி.

புகுந்த வீட்டில் அவளுடைய ஓரகத்தி மூன்று வருஷம் சாயத்தின் அளவைச் சொல்லித் தரவில்லையாம். கலக்கும்போது முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாளாம்.

“கலக்கிட்டுத் திரும்பும்போது அவங்க மூஞ்சியும் உங்க மூஞ்சி மாதிரித்தான் இருக்கும்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். யூனிட்டைப் பார்க்க வருகிறவர்கள் அவள் கையைப் படம் எடுக்கும்போது நான் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுகிறேன். அவள் குத்திய ஒவ்வொரு துண்டையும் பிழை தேடித்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒன்றில் ஓர் இலை தலைகீழாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு துண்டை விரித்தாள்.