தெளியாத ஓரம்

செவ்வாய்க்கிழமை காலை. குர்லா ரயில் நிலைய நடைமேடையில் நின்றிருந்தேன். நம் செம்பூர் மருத்துவமனை வாட்ஸப் குழுவில் ஒரு வரி வந்தது: "ஜெபராஜ் அண்ணன் போயிட்டார்."

"ஊருக்கா?" என்று பதில் அனுப்பினேன்.

யாரும் எதுவும் எழுதவில்லை. அந்த மௌனத்தில்தான் புரிந்தது. இரண்டு ரயில்கள் வந்து போயின. நான் ஏறவில்லை.

ஊரில் வீடு கட்டப் போகிறேன் என்று சொல்லித்தான் அவர் நீண்ட விடுப்பில் போனார். குழுவில் இருக்கும் நீங்களும் அதை நம்பினீர்கள்.

அவர் கீழ்த்தளத்தில், திசு ஆய்வகத்தில். நான் மேலே, தோல் மருத்துவர். மச்சங்களைக் கேமராவால் பெரிதாக்கி, வெட்டாமலே, புற்றுநோயா இல்லையா என்று நான் எழுதுவேன். அதே மச்சத்தை வெட்டியெடுத்த பிறகு, அவர் மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடியில் ஏற்றுவார். நோயியல் மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்வதே முடிவு. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மூன்று ஆண்டுகளாக ஒப்பிட்டு வந்தோம்.

என் ஊகத்தை அவர் கேட்கவே மாட்டார். ஒருமுறை உற்சாகத்தில் சொல்ல வாயெடுத்தேன். கையுறையோடு காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாதீய டாக்டரம்மா. பொறவு எங் கத்தி உங்க பேச்சைக் கேக்கும்."

இன்னொரு முறை நான் நல்லது என்று எழுதியது கெட்டதாக வந்தது. மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க வாசல்ல நின்னு பாக்கீய. நாங்க வீட்டுக்குள்ள போயிப் பாக்கோம். அவ்வளவுதான்." அது ஆறுதலா, கிண்டலா? இன்றும் தெரியவில்லை.

புதுக் கேமரா வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சோதித்துப் பார்க்க ஆளாளுக்கு ஒரு மச்சத்தை நீட்டினார்கள். ஜெபராஜ் அண்ணன் ஷூவைக் கழற்றினார். இடது உள்ளங்கால்.

"கால்ல மச்சம் இருந்தா தேசம் தேசமா சுத்துவானாம். நான் சுத்துனது தாராவி டு செம்பூர், செம்பூர் டு தாராவி."

மாதுங்காவிலிருந்து வரும் மூத்த நர்ஸ் விடவில்லை. "அரே, நடுவுல குர்லா வரதோல்லியோ? அதையும் சேத்துக்கோங்கோ!"

உள்ளங்கால் தோல் உழுத வயல் மாதிரி வரி வரியாக இருக்கும். நிறம் பள்ளங்களில் ஓடினால் பெரும்பாலும் நல்லது. மேடுகளில் ஓடினால் பயம். அவருடையது பள்ளத்தில்தான் ஓடியது. ஒரு ஓரம் தவிர.

"நல்ல மச்சம்தான் போல அண்ணா. ஒரு ஓரம் மட்டும் சரியாத் தெரியலை. வெட்டிப் பாத்துடலாமா? இல்லேன்னா மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம்."

அதற்குள் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். "வெட்டுனா யோகம் போயிரும்லா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மூன்று மாதம் போனது. தினமும் அவரைப் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை. யார் படத்தையும் நம்பாதவர், தன் விஷயத்தில் மட்டும் படத்தை நம்பிவிட்டார். அதிலும் பாதியை. மீதிப் பாதியை நான் அழுத்திச் சொல்லவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது, தாராவி வீட்டில் அவர் மனைவி எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "கால்ல உள்ள மச்சந்தாம்மா. வேற ஆஸ்பத்திரில காட்டும்போது தொடை வரைக்கும் ஏறிட்டு. கூட வேல பாக்கவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுட்டாவ. ஒரு டாக்டரம்மா படம் பிடிச்சு நல்ல மச்சம்னு சொன்னாங்களாம். அந்தப் புள்ள மனசு ஒடஞ்சிருமாம்."

"அது நான்தான் அக்கா."

அவர் கையை விடவில்லை. "அப்போ அது நல்ல மச்சந்தானேம்மா?"



அன்று மாலை பழைய படத்தைத் திறந்தேன். கீழே என் குறிப்பு: ஓரம் தெளிவில்லை. மறுபடி பார்க்க.

நேற்று சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். உள்ளங்கால் மச்சம். நிறம் பள்ளத்தில். ஒரு ஓரம் தெளிவில்லை. அவர் செருப்பைத் தேடினார். செருப்பை நான் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வெட்டிப் பார்க்கச் சம்மதிக்கும் வரை கொடுக்கவில்லை.

திசு கீழே போனது. ஜெபராஜ் அண்ணன் இடத்தில் இப்போது இருப்பவர் தொலைபேசியில் கேட்டார்: "படத்துல என்ன தெரிஞ்சுது டாக்டர்?"

நான் சொல்லவில்லை.