மரகதம் எழுதாத கடைசிப் பத்தி

காலை வழிபாட்டில் பாசுரம் பாதியில் இருந்தபோது ரோஸம்மா வாசலில் வந்து நின்றாள். பெங்களூர் மல்லேஸ்வரம் பள்ளியில் என்னிடம் படித்து, இப்போது அங்கேயே ஆசிரியையாக இருப்பவள்.

"ஐயா, நம்ம மரகதம் போயிட்டா. பத்து நாளா காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வீட்டுக்காரருக்கு மனசு வரலை."

பாசுரத்தை நான் முடிக்கவில்லை. இருபத்து நான்கு வயதில் இறந்த மாணவிக்கு அவளுடைய தமிழாசிரியன் அஞ்சலி எழுதுவது முறைகெட்ட வரிசை. ஆயினும், அவளோடு படித்தவர்களாகிய உங்களிடம் இதை நான் சொல்லியே ஆகவேண்டும்.

பள்ளி இறுதி வகுப்பில் துணைப்பாடமாக ஒரு நாவல் இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். கணவனின் அடி தாங்காமல் தாய்வீடு வந்த பெண், கடைசி அத்தியாயத்தில் அவனை மன்னித்துத் திரும்பிப் போவாள். படித்ததும் தோன்றியதை எழுதச் சொன்னேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்து வரும் ஆலைத் தொழிலாளியின் மகள் மரகதம் எழுதியதே வகுப்பில் சிறந்தது. பள்ளி ஆண்டு மலருக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கடைசிப் பத்தி எனக்குப் பொறுக்கவில்லை. கற்பரசியரின் சரிதங்களை நாள்தோறும் ஓதும் வாய் என்னுடையது. அப்பத்தியைச் சிவப்பு மையால் அடித்தேன். அத்தகைய பொறுமை தனக்கும் வாய்க்க வேண்டுமென்று அவள் இறைவனை வேண்டுவதாக, எதுகை மோனை குன்றாமல் நானே ஒன்று புனைந்து அச்சுக்கு அனுப்பினேன்.

மலர் வந்த அன்று ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"ஐயா, கடைசியில இருக்கிறது நான் எழுதினது இல்லையே."

"உன் கருத்தைச் செம்மை செய்திருக்கிறேன், அம்மா."

"அப்ப உங்க பேரையே போட்டிருக்கலாமே, ஐயா. பொறுமை வேணும்னு கேக்குறது நீங்கதானே."

அறையில் இருந்தோர் சிரித்துவிட்டனர். மாலை மணி அடிக்கும் வரை அவளை வெளியே நிற்க வைத்தேன்.

மறு ஆண்டு அவள் தந்தை வெற்றிலை பாக்கோடு வந்தார். "பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட மலரைக் காட்டினேன், சாமி. கடைசியில இருக்கிறதைப் படிச்சுட்டு, 'இந்தப் பொண்ணு போதும், எதுத்துப் பேசாது'ன்னுட்டாங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

நானும் அதைப் புண்ணியம் என்றே எண்ணினேன். மணமேடையில் ஆசியும் கூறினேன்.

சில ஆண்டுகள் கழித்துக் கோயிலில் அவளைக் கண்டேன். புருவத்தின்மேல் ஆறாத காயம். எப்படி என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. "பொறுத்துக்கொள், அம்மா. ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்றேன்.

"அதைத்தான் மலர்லயே எழுதிட்டீங்களே, ஐயா" என்று சிரித்தாள். என் கையிலிருந்த குங்குமத்தை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குமேல் நான் ஏதும் கொடுக்கவில்லை.

அவளது என்று என்னிடம் எஞ்சியிருப்பது அந்தக் கட்டுரைத் தாள் ஒன்றே. சிவப்புக் கோட்டினடியில் அவள் எழுத்து இன்றும் தெளிவாகத் தெரிகிறது:

"அவள் மன்னித்துவிட்டதாகக் கதாசிரியர் சொல்கிறார். அடி வாங்கியது அவரல்லவே. நான் அவளாயிருந்தால் திரும்பிப் போகமாட்டேன். ஆலையில் நூல் சுற்றியாவது உயிரோடு இருப்பேன்."

மலரை வைத்திருப்பவர்கள் அவள் பெயரிலுள்ள கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். அது என்னுடையது. அந்த இடத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.