கிட்டார் கழுத்துக்கு வாங்கிய பலகை

பாலக்கோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் புகைந்தாலும் என்னிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்வேன். விற்பதற்கு அல்ல, ஆசைக்குத்தான். எனக்குச் சரியாக வாசிக்கக்கூட வராது. எப்போதோ ஒரு பழுதான கிட்டாரைப் பிரித்தபோது, தந்திகளுக்குக் கீழே அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று ஓடியிருந்தது. அட, இது நம்ம தொழிலாச்சே என்று தோன்றியது. அன்று பிடித்த பைத்தியம்.

ஐந்து செய்து முடித்திருந்தேன். ஆறாவதின் கழுத்துக்கு மரம் தேடிக்கொண்டிருந்தபோது, தெரிந்த மேஸ்திரி ஒருவர் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்.

"பென்னாகரம் பக்கம் பழைய வூடு ஒண்ணு இடிச்சோமுங்க. நல்ல தேக்கு. இனிமே வளையாது."

கிட்டார் கழுத்துக்கு அதுதான் வேண்டும். பச்சை மரம் போட்டால் ஒரு மழைக்காலத்திலேயே முறுக்கிக்கொள்ளும். சந்தோஷமாக வாங்கி வைத்தேன். அந்த மாதம் அதே மேஸ்திரிதான் எங்கள் தெருமுனையில் இருக்கும் மாதா கோயிலுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இழைப்புளியை வைத்தபோது பலகையின் ஒரு ஓரத்தில் வெள்ளையாகச் சுருண்டு வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். மெழுகு. வீட்டுப் பலகையில் மெழுகு எதற்கு என்று ஒரு கணம் நின்றேன். பிறகு வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன். அன்று இருட்டுவதற்குள் கழுத்தை அறுத்து, பின்புறத்தை உருட்டியும் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கைப் பிடித்தார். ஓடு மாற்றுவதற்காக வெளியே எடுத்து வைத்த பழைய முழந்தாள் பலகைகளில் ஒன்றைக் காணோம் என்றார். ஜனங்கள் பலகாலம் முட்டி போட்டு ஜெபித்த பலகை, யாராவது தெரியாமல் எடுத்திருந்தால் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றார். பலகையில் வந்த மெழுகும், கோயிலில் ஓடு மாற்றும் மேஸ்திரியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஃபாதருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் முன்வரிசையிலிருந்து திரும்பினார். கூட்டத்தைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "மெழுகா? அந்த வூட்டுல கரண்டே கெடையாதுங்க. அலமாரிப் பலகை மேல மெழுகுத்திரி ஏத்தி வெச்சிருப்பாங்க" என்றார். கேட்ட உடனே பதில் வந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் உபதேசியார் கொட்டகைக்கே வந்துவிட்டார். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அங்கே கால் வைத்தவரில்லை.

"என்னா மரம் தம்பி இது?"

"பலாங்க" என்று கிட்டாரின் உடம்புப் பகுதியைக் காட்டினேன். அது உண்மைதான். கழுத்தை அவர் வருவதற்குள் சாக்குக்கு அடியில் தள்ளியிருந்தேன். அவர் கண் மூலை முடுக்கெல்லாம் போனது. கீழே கிடந்த சீவலைக் குனிந்து எடுத்து முகர்ந்தார். அதைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. மேஸ்திரி எடுத்ததை என் தலையில் கட்டுகிறார்களா, இவரும் அதில் கூட்டா என்று என்னென்னவோ யோசித்தேன். கடையில் இரண்டு மோட்டாருக்குச் சுற்றுக்கணக்குத் தவறி, அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"நீங்க திருடலன்னா எதுக்குங்க ஒளிச்சு வெக்கிறீங்க?" என்றாள் என் மனைவி. "கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க."

அவள் கேட்ட விதத்தில் அவளுக்கும் ஒரு சந்தேகம் இருப்பது தெரிந்தது. அதுதான் சுருக்கென்றது.

கழுத்தையும் அதிலிருந்து வந்த ஒரு பை சீவலையும் எடுத்துக்கொண்டு ஃபாதரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பலகைகளைச் செய்து கொடுத்த குடும்பத்தில் ஒருவரை, லாரி ஓட்டி ஓய்ந்தவரை, வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவர் வந்து கழுத்தைத் தொடக்கூட இல்லை.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க ஃபாதர்."

சீவலை அதில் போட்டார். மூன்று பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் நிறம் மாறவில்லை.

"எங்கப்பா குடுத்தது வேங்கைங்க. தண்ணி பட்டா சாயம் எறங்கும். இது அதில்ல."

தெருவில் இறங்கி நடந்தபோது பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனால் உபதேசியார் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு தம்பி? அதுதானா?"

"இல்லீங்க. வேற மரம்."

அவர் முகம் செத்துப்போனது. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திருவிழாச் சமையலுக்கு வெறகு பத்தலன்னாங்க. பின்னால கெடந்ததை எடுத்துக்கங்கன்னு நாந்தான் சொன்னேன். அந்தப் பலகையும் அதோட சேர்ந்து அடுப்புக்குப் போயிடுச்சோன்னு பயம். உங்கிட்ட மரம் வந்திருக்குதுன்னு கேள்விப்பட்டதும், கடவுளே, இவன் எடுத்திருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டேன். நீ எடுத்திருந்தா நல்லாருந்திருக்கும் தம்பி."

இப்படி ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கோபம் வரவேண்டும், வரவில்லை. நான் அவரைச் சந்தேகப்பட்ட அதே நாட்களில் அவர் எனக்காக, ஒருவகையில், ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஃபாதர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

பத்து நாள் கழித்துத்தான் உபதேசியார் போய்ச் சொன்னார். ஃபாதர் அவரைத் திட்டவில்லையாம். இன்னொரு வேங்கைப் பலகைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாராம். ஆனால் காணோம் என்று மைக்கில் அறிவித்தவர்கள், என்ன ஆனது என்று அறிவிக்கவில்லை; நான் கழுத்தோடு ஃபாதரிடம் போனதை மட்டும் ஊர் பார்த்திருந்தது. கிட்டார் முடிந்ததும், கோயில் பாடல் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அதை எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நல்ல சத்தம்ண்ணா. கோயில் மரந்தானே?"

உபதேசியார் பக்கத்தில்தான் நின்றார். தேக்கு என்று மட்டும் சொன்னேன். கீபோர்டுக்காரர் நம்பவில்லை.