கறாரம்மாவின் தங்கை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கறாரம்மா. பதினெட்டுப் பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் பெருமைதான். யாருக்கும் சலுகை காட்டாதவள் என்று பேரெடுப்பது லேசுப்பட்ட காரியமா?

சொந்தத் தங்கையை வேலைக்குச் சேர்த்ததும் பிடித்தது சனி. தங்கச்சிக்குத் தனிச் சட்டம் என்று எவளாவது வாயைத் திறந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே தங்கைக்கு நிஜமாகவே ஒரு தனிச் சட்டம் போட்டாள், தலைகீழாக. கறைத் துணிகளை ப்ளீச்சிங் தொட்டியில் அலசும் வேலை எல்லோருக்கும் வாரமுறையில் மாறும். தங்கைக்கு மட்டும் மாறவில்லை. கையுறை கிழிந்தால் புதிது கிடைப்பதும் கடைசியாக அவளுக்குத்தான். யார் தப்பு செய்தாலும் முதல் திட்டு அவளுக்கு, அத்தனை பேர் நடுவில்.

தங்கை மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் முறை கைகளை நீட்டிக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"ஒரே ஒரு மாசம் மடிக்கிற மேசைக்கு மாத்திவிடுக்கா. சாப்பாட்டுல கை வைக்க முடியல, எரியுது."

"உன்ன மாத்தினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? போய் வேலையப் பாரு."

அதே வாரம் இடுப்பு வலி என்று வந்த இன்னொருத்தியை மறுபேச்சில்லாமல் மடிக்கும் மேசைக்கு மாற்றினாள். அவள்தான் தங்கை இல்லையே!

பிறகு தங்கை எதுவும் கேட்கவில்லை. சரி, பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் இந்தப் புத்திசாலி.

ஒரு திங்கட்கிழமை தங்கை வரவில்லை. வேலையை விடுகிறேன் என்ற கடிதம் நேராக மேலாளர் அறைக்குப் போயிருந்தது. அன்று மதியம் மடிக்கும் மேசையில் இருந்த ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்களுக்குள்ள ஏதாவது பழைய பகையா? தொட்டி வேலைய நாங்க மாத்திக்கிறோம்னு எத்தனையோ தடவை சொன்னோம். 'எங்கக்காவுக்குக் கெட்ட பேர் வந்துடும், வேணாம்'னுட்டா."

கறாரம்மா யார் வாய்க்குப் பயந்தாளோ, அந்த வாய்களெல்லாம் தங்கைக்காகத்தான் பேசியிருக்கின்றன. ஒருத்தியிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் தங்கை வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் தங்கையின் கணவர் மகளுக்குக் கோணல்மாணலாகத் தலை பின்னிக்கொண்டிருந்தார். தங்கையின் இரண்டு கைகளிலும் துணிக்கட்டு.

"இன்னைல இருந்து உனக்கு மடிக்கிற மேசைதான். வந்துடுடி."

"சீப்பையே பிடிக்க முடியலக்கா. இனிமே மேசை எதுக்கு?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால்கூட காலில் விழுந்திருப்பாள்.

"இங்க வாடா கண்ணு, பெரியம்மா பின்னி விடறேன்" என்று சீப்புக்குக் கை நீட்டினாள். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"வேணாம்க்கா, அவர் பின்னிடுவார்" என்றாள் தங்கை. "நீ கிளம்பு. உனக்கு வேலைக்கு நேரமாச்சு."